சொந்தக் கிளையண்ட்

ஊரில் இருக்கிற கம்பெனிகளுக்கெல்லாம் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் கண்டுபிடித்துக் கொடுப்பதுதான் அந்த ஆலோசனைக் கம்பெனியின் பிழைப்பு. உங்களால் உலகத்துக்கு என்ன நல்லது, என்ன கெட்டது, அதில் எதை முதலில் கவனிக்க வேண்டும்? சிமெண்ட் ஆலைக்குச் சொல்லியிருக்கிறார்கள், பிஸ்கட் கம்பெனிக்குச் சொல்லியிருக்கிறார்கள், தோல் பதனிடும் ஆலைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு போய்ச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்கள். தங்களுக்கு மட்டும் சொல்லிக்கொண்டதில்லை. யாரும் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை.

ஒரு நாள் ஒரு பெரிய வங்கி கேட்டுவிட்டது. தங்களுக்கு வேலை செய்கிறவர்கள் எல்லோரும் அவரவர் நிலைத்தன்மை முன்னுரிமைகளைக் காலாண்டு முடிவதற்குள் எழுதி அனுப்ப வேண்டுமாம், அப்புறம்தான் அடுத்த ஒப்பந்தமாம்.

டைரக்டர் எல்லோரையும் கூப்பிட்டு, "இது நமக்கு ஜுஜுபி. கண்ண மூடிக்கிட்டுப் பண்ணிடலாம்" என்றார்.

மூடிக்கொண்டார்கள். பல வாரம் திறக்கவே இல்லை.

ஏன் வேலை நகரவில்லை என்று கண்டுபிடிக்க ஒரு கூட்டம் போட்டார்கள். கண்டுபிடித்தவள் ஸ்லைடு அக்கா. அந்த அணியின் தலைவி. ஸ்லைடு இல்லாமல் வாய் திறக்க மாட்டாள், திறந்தால் "மூணு விஷயம்" என்று விரலை நீட்டுவாள், இரண்டாவது விஷயத்தைச் சொல்லும்போது மூன்றாவது என்னவாக இருக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பது முகத்திலேயே தெரியும்.

"மூணு விஷயம் சார். ஒண்ணு, இந்த வேலைய முடின்னு யாரும் நம்மள நெருக்கல. ரெண்டு, நெருக்கறதுக்கு ஆளே இல்ல. மூணு..." அக்கா கூரையைப் பார்த்தாள். "ஆள் இல்லாததாலதான் நெருக்கல."

டைரக்டர் மேசையைத் தட்டினார். "கரெக்ட். கிளையண்ட் இல்ல. கிளையண்ட் இல்லாம நாம என்னிக்கு வேலை செஞ்சிருக்கோம்? ஒரு ஆளப் போடு."

"வெளியிலேர்ந்தா சார்?"

"எதுக்கு வெளியிலேர்ந்து? நம்ம கம்பெனிக்குத்தானே பண்றோம்? நம்மள்ல ஒருத்தர் கிளையண்ட். மத்தவங்க எல்லாம் கன்சல்டண்ட். யாரு சும்மா இருக்கா?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஏசித் துளைக்கு நேர் கீழே, கோட்டுப் போட்டுக்கொண்டு ஒருவன் உட்கார்ந்திருந்தான்.

அவனுக்குக் கோட்டு என்றே பெயர் ஆகிவிட்டது. அந்த நாற்காலியில் கோட்டு இல்லாமல் உட்கார்ந்தால் மத்தியானத்துக்குள் பல் கிட்டித்துப் போகும். அதுதான் பெஞ்ச். பெஞ்ச் என்றால் பலகை இல்லை, நல்ல சுழல் நாற்காலிதான். கையில் புராஜெக்ட் இல்லாதவர்களை அங்கே உட்கார வைப்பார்கள். காலாண்டு முடியும்போது அங்கே உட்கார்ந்திருப்பவரை டைரக்டர் சின்ன அறைக்குக் கூப்பிடுவார். அந்த அறையில் இரண்டு நாற்காலியும் ஒரு டிஷ்யூப் பெட்டியும் இருக்கும். போனவர் திரும்பி வந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு யாரையும் பார்க்காமல் லிஃப்டுக்குப் போவார். இந்தக் காலாண்டில் பெஞ்சில் இருந்தது கோட்டு மட்டும்தான்.

அவன் ஏன் அங்கே வந்தான் என்பது ஊரறிந்த கதை. தோல் ஆலை முதலாளி, "இந்த வருஷமும் ஒரு ஆய்வு பண்ணலாமா?" என்று கேட்டிருக்கிறார். கோட்டு யதார்த்தமாக, "போன வருஷம் நாங்க எழுதிக் குடுத்ததே இன்னும் அப்படியே கிடக்கு சார். அத மொதல்ல பண்ணுங்க, புதுசா எதுக்கு?" என்று சொல்லிவிட்டான். முதலாளிக்கு ஒரே சந்தோஷம். கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கிவிட்டு, அன்றைக்கே கம்பெனியோடு இருந்த வேலையை நிறுத்திவிட்டார்.

வேலை போனால் கோட்டுக்கு இன்னொரு வேலை கிடைக்காமல் போகாது. ஆனால் எப்போது கிடைக்கும்? அவன் மனைவி, துணிக்கடையில் பார்த்துக்கொண்டிருந்த சூப்பர்வைசர் வேலையை விட்டுவிட்டு, எக்ஸ்ரே எடுக்கிற படிப்பில் சேர்ந்திருந்தாள். சேர்வதற்கு முன்னால் அவனை நேருக்கு நேர் உட்கார வைத்து, "உன்ன நம்பித்தான் குதிக்கிறேன். பாதியில கைய விட்டே, நான் மறுபடியும் அந்தக் கடைக்குப் போய் நிக்கணும். அந்த மேனேஜர் மூஞ்சில முழிக்கிறதுக்கு நான் கெணத்துல குதிப்பேன்" என்று சொல்லியிருந்தாள். படிப்பு பாதிதான் முடிந்திருந்தது. பெஞ்சுக்கு வந்த விஷயத்தை அவன் வீட்டில் சொல்லிவிட்டான். அவள் திட்டவில்லை. அதுதான் அவனை உறுத்தியது.

ஆகவே "நீதான் கிளையண்ட்" என்று ஸ்லைடு அக்கா வந்து சொன்னபோது அவன் முதலில் கேட்டது ஒன்றுதான்.

"அக்கா, அப்போ நான் புராஜெக்ட்ல இருக்கேன்னு கணக்காக்கா?"

அக்கா யோசித்தாள். "புராஜெக்ட் எங்களுக்குடா. நீ கிளையண்ட். கிளையண்ட் எப்படிடா புராஜெக்ட்ல இருக்க முடியும்?"

"அப்போ பெஞ்ச்தானா?"

"பெஞ்ச்லயும் இரு. கிளையண்டாவும் இரு. யாரு வேணாங்கறா?"

மறுநாள் காலையில் கோட்டு வழக்கம்போல் பின்வாசல் வழியாக வந்து உட்கார்ந்தான். அக்கா ஓடி வந்து அவனைக் கிளப்பினாள். கிளையண்ட் பின்வாசல் வழியாக வரமாட்டார். கீழே அனுப்பி, முன்வாசல் வழியாக ஏற்றி, வரவேற்பு சோபாவில் உட்கார வைத்து, கழுத்தில் விருந்தினர் அட்டையை மாட்டிவிட்டார்கள். காபி மெஷின் பக்கத்தில் தினமும் அவனுக்கு "குட்மார்னிங் கோட்டு" சொல்கிற வரவேற்புப் பெண், "யாரப் பாக்கணும் சார்?" என்றாள். அவளிடம் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார்கள் போல.

அறைக்குள் அவன் நுழைந்ததும் எல்லோரும் எழுந்து நின்றார்கள். ஸ்லைடு அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டாள். "வாங்க சார், உக்காருங்க சார். வழியில டிராஃபிக் எப்படி?"

"நான் இங்கதானேக்கா..."

அக்கா தொண்டையைச் செருமினாள். "மேடம்னே கூப்பிடலாம் சார்."

"சரிங்க மேடம். டிராஃபிக் இல்ல."

பக்கத்தில் கண்ணாடி உட்கார்ந்திருந்தாள். தடித்த கண்ணாடி போட்ட பெண், அவனோடு ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவள், மத்தியானம் அவன் டப்பாவிலிருந்து கேட்காமலே எடுத்துத் தின்கிறவள். அவளும் இன்றைக்கு அவனைப் பார்த்து, இதற்கு முன்னால் பார்த்தே இல்லாத மாதிரி சிரித்தாள். லேப்டாப்பைத் திறந்து அவன் சொல்வதையெல்லாம் எழுதத் தயாராக இருந்தாள்.

ஸ்லைடு அக்கா ஆரம்பித்தாள். "சார், உங்க கம்பெனிக்குப் பொருந்துற விஷயங்கள் எல்லாத்தையும் தொகுத்து வச்சிருக்கோம். ஒவ்வொண்ணா போகலாம். உங்க கழிவுநீர்க் குட்டையோட ஆழம் எவ்வளவு இருக்கும்?"

"என்னது?"

"கழிவுநீர்க் குட்டை சார்."

கோட்டுக்குப் புரிந்துவிட்டது. தோல் ஆலைக்குப் பண்ணின பட்டியலை அப்படியே எடுத்துப் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். அந்தக் கேள்வியை எழுதியதே அவன்தான்.

"நம்ம ஆபீஸ்ல குட்டை ஏது மேடம்? ஆறாவது மாடி."

"உங்க ஆபீஸ்ல, சார்."

"எங்க ஆபீஸ்ல குட்டை இல்ல."

அறையில் ஒரு சங்கடம் பரவியது. கண்ணாடி அக்காவைப் பார்த்தாள். அக்கா குனிந்து மெதுவாக, "'குட்டை தொடர்பாகக் கிளையண்டிடம் போதிய தகவல் இல்லை'ன்னு போடு" என்றாள். பிறகு ஒருவரைக் கீழ்த்தளத்துக்கு அனுப்பிப் பார்த்துவரச் சொன்னதாகவும், அவர் வண்டி நிறுத்துமிடத்தில் தேங்கி இருந்த மழைத்தண்ணீரைப் படம் எடுத்துக்கொண்டு வந்ததாகவும் கேள்வி.

அடுத்த கேள்வி எல்லாக் கிளையண்டிடமும் கேட்பது. "எந்த விஷயம் உங்களத் தூங்க விடாம பண்ணுது சார்?"

கோட்டு பொய் சொல்கிற ஆள் இல்லை. "வேலை போயிடுமோன்னுதான்."

கண்ணாடி மடமடவென்று தட்டினாள். திரையில் வரி வந்து விழுந்தது: 'வேலைவாய்ப்புப் பாதுகாப்பில் கிளையண்டுக்கு ஆழ்ந்த அக்கறை உள்ளது.'

"அருமையான பார்வை சார்" என்றாள் ஸ்லைடு அக்கா.

சாயங்காலம் வீட்டில், மனைவி மேசை முழுக்கப் புத்தகத்தைப் பரப்பி வைத்திருந்தாள். அவள் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து அவளுக்குப் பென்சில் சீவிக் கொடுத்துக்கொண்டிருந்தார். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். மருமகன் வேலை என்ன என்பது அவருக்கு இதுவரை விளங்கியதில்லை, விளங்காததை அவர் மறைத்ததும் இல்லை.

"மாப்ள, இன்னிக்கு என்ன பண்ணீங்க?"

"கிளையண்டா இருந்தேன் மாமா."

"யாருக்கு?"

"எங்க கம்பெனிக்கு."

"உங்க கம்பெனிக்கு நீங்களே கஸ்டமரா?"

"ஆமா மாமா."

மாமா பென்சிலைக் கீழே வைத்தார். "நான் லிஃப்ட் ரிப்பேர் பண்றப்போ உள்ளே நானே மாட்டிக்கிட்டு, வெளியிலேர்ந்து நானே தொறக்கணும்னா எப்படி மாப்ள?"

மனைவி தலையைத் தூக்காமலே சிரித்தாள். அப்பா முன்னால் அவனை 'நீங்க' என்றுதான் பேசுவாள். "ஏங்க, அதெல்லாம் இருக்கட்டும். வேலை இருக்கா இல்லையா? அத மட்டும் சொல்லுங்க."

"தெரியல. கிளையண்டோட வேலை போகாது. ஆனா என்னோடது போகலாம்."

மாமா மகளைப் பார்த்தார். "நல்லாப் படிம்மா. வேற வழி இல்ல" என்று சொல்லிவிட்டு அடுத்த பென்சிலை எடுத்தார்.

இரண்டாவது கூட்டத்தில்தான் கோட்டுக்குத் தன் கையில் என்ன இருக்கிறது என்பது உறைத்தது. சுவரில் பெரிய அட்டையை ஒட்டி, குறுக்கே ஒரு கோடு, நெடுக்கே ஒரு கோடு போட்டு வைத்திருந்தார்கள். மேலே போகப் போக உலகத்துக்கு முக்கியம், வலப்பக்கம் போகப் போகக் கம்பெனிக்கு முக்கியம். ஒவ்வொருவரிடமும் விஷயத்துக்கு ஒன்றாக வட்ட ஸ்டிக்கர்கள். ஒவ்வொருவரும் எழுந்து வந்து ஒட்ட வேண்டும். எல்லோரும் ஸ்டிக்கரை விரல் நுனியில் வைத்துக்கொண்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிளையண்ட் எங்கே ஒட்டுவார் என்று தெரியாமல் எப்படி ஒட்டுவது?

கோட்டுக்கு அப்போது தும்மல் வந்தது. அன்றைக்குக் கோட்டுப் போட்டுக்கொள்ள மறந்துவிட்டான். "இந்த ஏசி ஏன் இப்படிக் குளிரடிக்குது?" என்றான் மூக்கைத் துடைத்துக்கொண்டு.

அவ்வளவுதான். அத்தனை பேரின் 'மின்சாரப் பயன்பாடு' ஸ்டிக்கர்களும் வலப்பக்க மேல் மூலைக்குப் பறந்தன. மறுநாள் ஏசிக்காரர் ஏணியோடு வந்து பெஞ்சுக்கு மேலே இருந்த துளையையும் திருப்பி வைத்துவிட்டுப் போனார். பெஞ்சில் உட்கார்ந்த நாளிலிருந்து கோட்டு இதைப் பற்றிச் சொல்லாத ஆள் இல்லை, அனுப்பாத மெயில் இல்லை. ஒன்றும் நடக்கவில்லை. ஒரு தும்மலில் நடந்தது.

விஷயம் ஆபீஸ் முழுக்கப் பரவியது. அன்றிலிருந்து அவனைத் தனியாகப் பார்க்க ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். காபி மெஷின் பக்கத்தில் ஒருவர் வந்து நிற்பார், இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்ப்பார்.

"சார், லீவு நாள்லயும் வேலை மெயில் வருதே, அந்த விஷயம் கொஞ்சம் சொல்லுங்களேன். பொண்டாட்டி விட்டுட்டுப் போயிடுவேங்கறா."

"நான் கோட்டுடா. நீ என்கூட ஒரே ரூம்ல தங்கினவன்டா."

"தெரியும். இருந்தாலும் சொல்லுங்க சார்."

இன்னொருத்தி, காலை விமானத்தைப் பிடிக்க விடியாத நேரத்தில் எழுந்து போய், வெறும் அரை மணி நேரக் கூட்டத்தில் தலையாட்டிவிட்டு ராத்திரி திரும்பி வருகிற கொடுமையைச் சொல்லி அழுதாள். ஒருவர் தன் நாற்காலியின் உடைந்த கையைக் கழற்றிக் கையோடு எடுத்துக்கொண்டே வந்துவிட்டார். கோட்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். கூட்டத்தில் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டான். லீவு நாள் மெயில் நின்றது. அரை மணி நேரக் கூட்டங்கள் வீடியோவுக்கு மாறின. ஸ்டிக்கர்கள் இங்கும் அங்கும் நகர்ந்தன. மற்றவர்கள் கோரிக்கை எல்லாம் அவன் வாயால் நிறைவேறிக்கொண்டிருந்தது. தன் விஷயத்தை மட்டும் எப்படிக் கேட்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. கிளையண்ட் போய், 'என்னை வேலையில் வைத்துக்கொள்ளுங்கள்' என்று கன்சல்டண்டிடம் கேட்டால் என்ன மரியாதை இருக்கும்?

காலாண்டின் கடைசி வாரம் வந்தது. டைரக்டர், ஸ்லைடு அக்கா, கண்ணாடி மூவரும் வரிசையாக உட்கார்ந்து இறுதி முடிவை வைத்தார்கள். கிளையண்ட் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் வங்கிக்கு அனுப்பிவிடலாம்.

"சார், நூத்துக்கணக்கான கருத்துகள அலசினதுல உங்களுக்கு முதல் முன்னுரிமையா வர்றது 'வளங்களை வீணாக்காமை'" என்றாள் ஸ்லைடு அக்கா. திரையில் அணைக்காத விளக்கு, யாரும் எடுக்காத அச்சுத் தாள், காலியான அறையில் ஓடுகிற ஏசி என்று படங்கள் வந்தன. கடைசிப் படம் ஒரு காலி நாற்காலி.

"இது?" என்றான் கோட்டு.

டைரக்டரே பதில் சொன்னார். "இதுதான் சார் முக்கியமானது. பயன்படாம இருக்கற மனித வளம். பெஞ்ச்னு சொல்லுவோம். பெரிய வீணடிப்பு. இந்தக் காலாண்டோட பெஞ்ச சுத்தமா இல்லாம ஆக்கிடறோம். வங்கிக்கும் பாக்கறதுக்கு நல்லா இருக்கும்."

"இப்போ பெஞ்ச்ல எத்தன பேர் இருக்காங்க?"

"ஒரே ஒருத்தர்தான் சார். ஈஸி."

கோட்டு மூன்று பேர் முகத்தையும் பார்த்தான். டைரக்டர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. நடிப்பு இல்லை அது. இத்தனை வாரம் அவனைச் சார் சார் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, அந்த ஒருத்தர் வேறு யாரோ என்று அவருக்கே ஆகிவிட்டிருந்தது. கண்ணாடிதான் முதலில் விழித்தாள். தட்டிக்கொண்டிருந்த விரல் நின்றது. பிறகு ஸ்லைடு அக்கா. அவள் திரையைப் பார்த்தாள், காலி நாற்காலியைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், ரிமோட்டைக் கீழே வைத்தாள்.

கோட்டு நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டான். "அந்த ஒருத்தர் யாருன்னு தெரிஞ்சுக்கலாமா?"

"மன்னிக்கணும் சார்" என்றார் டைரக்டர். "அது ரகசியம். கிளையண்டா இருந்தாலும் பேர் சொல்ல முடியாது."

"அவருக்குத் தெரியுமா?"

"இன்னும் இல்ல. நேரம் வரும்போது, மனசு நோகாம, மரியாதையா சொல்லுவோம். அதுக்குன்னு ஒரு ரூம் இருக்கு சார்."

கையெழுத்துத் தாள் அவன் பக்கம் நகர்ந்து வந்தது. போடமாட்டேன் என்று சொன்னால், ஏன் என்று கேட்பார்கள். காரணம் சொன்னால், அந்த ஒருத்தர் அவன்தான் என்பது டைரக்டருக்கு ஞாபகம் வந்துவிடும், சின்ன அறைக்கு இப்போதே கூட்டிக்கொண்டு போய்விடுவார். கோட்டு பேனாவை மூடினான். இந்த வேலையை அவன் எத்தனை கம்பெனிக்குச் செய்திருக்கிறான். முறை அவனுக்குத் தலைகீழாகத் தெரியும்.

"ஒரு சந்தேகம். ஒரு முடிவால யாருக்கு அதிகமா பாதிப்போ, அவங்களக் கேக்காம அந்த முடிவ எழுதக் கூடாது. உங்க முறையே அதுதானே? அந்த ஒருத்தரக் கேட்டீங்களா?"

டைரக்டர் அக்காவைப் பார்த்தார். அக்கா தரையைப் பார்த்தாள். "கேக்கல சார்."

"கேட்டுட்டு வாங்க. அப்புறம் கையெழுத்துப் போடறேன்."

கிளையண்டை முன்வாசல் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்கள். கொஞ்ச நேரத்தில் கோட்டு பின்வாசல் வழியாக ஏறி, அட்டையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, தன் சுழல் நாற்காலியில் வந்து உட்கார்ந்தான். ஸ்லைடு அக்கா நாற்காலி ஒன்றை இழுத்துக்கொண்டு எதிரில் வந்தாள். பின்னாலேயே லேப்டாப்போடு கண்ணாடி.

"டேய் கோட்டு. ஒரு கிளையண்டுக்காக உன்கிட்ட நாலு கேள்வி கேக்கணும்."

"கேளுங்கக்கா."

"பெஞ்ச்ல எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்குக்கா. ஒண்ணும் பிரச்சினை இல்ல." அவனையறியாமல் வந்துவிட்டது. பெஞ்சில் இருக்கிறவன் வேறு என்ன சொல்வான்?

அக்கா கையிலிருந்த தாளை மடக்கினாள். "டேய், மூஞ்சப் பாத்துச் சொல்லு. நல்லா இருக்குன்னு போய்ச் சொன்னா அந்த ஆள் நம்பமாட்டாரு. நான் என்னடா சொல்றது அவர்கிட்ட?"

கண்ணாடி, "சொல்லித் தொலைடா" என்றாள்.

கோட்டு சொன்னான். முதல் ஆளாக வந்து கடைசி ஆளாகப் போவதைச் சொன்னான். திரை அணைந்துபோகாமல் இருக்க மௌஸை ஆட்டிக்கொண்டே இருப்பதை, வராத போனை எடுத்து யாருடனோ பேசுவதை, 'இப்போ என்ன புராஜெக்ட்?' என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று எல்லோரும் சாப்பிட்டு முடித்தபிறகு தனியாகப் போய்ச் சாப்பிடுவதை.

"அதனாலதான் இப்பல்லாம் உன் டப்பா கிடைக்கறதில்லையா?" என்றாள் கண்ணாடி. கேட்டுவிட்டு மூக்கை உறிஞ்சினாள்.

"வீட்ல அவ படிச்சுக்கிட்டு இருக்காக்கா. என்ன நம்பி இருந்த வேலைய விட்டா. எனக்கு இது போச்சுன்னா அவ படிப்ப நிறுத்திட்டு மறுபடி துணிக்கடைக்குப் போகணும். பெஞ்ச்க்கு வந்துட்டேன்னு சொன்னப்போ திட்டவே இல்ல. நல்லா நாலு வார்த்த திட்டியிருந்தா தேவலாம். நான் என்னக்கா தப்புப் பண்ணேன்? செய்யாத வேலைய மொதல்ல செய்ங்கன்னு சொன்னேன். அது நெஜம்தானே?"

ஸ்லைடு அக்கா தலையாட்டினாள். "நெஜம்தான்" என்றாள். "அந்தத் தோல் ஆலைக்கு ரெண்டு வருஷமா அதே அறிக்கைய அட்டை மாத்திக் குடுத்தது நான்தான். சரி, எந்திரி. கீழ போ. கிளையண்ட் வர்ற நேரம் ஆச்சு."

மறுபடியும் அறை. டைரக்டர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். புரொஜெக்டர் அணைந்திருந்தது. ஸ்லைடு இல்லாமல் அக்கா வாய் திறப்பதை அங்கே யாரும் பார்த்ததில்லை.

"சார், அந்த நபரப் பாத்தோம்."

"சொல்லுங்க" என்றான் கோட்டு.

"அவர் எங்க கம்பெனியிலயே உண்மையப் பேசினதுக்காகப் பெஞ்ச்க்கு வந்தவரு. ஒரு கிளையண்ட்கிட்ட, உங்களுக்குப் புது ஆய்வு வேணாம், பழசச் செய்ங்கன்னு சொல்லியிருக்காரு. அவங்க நிறுத்திட்டாங்க. நாங்க இவரத் தூக்கிப் பெஞ்ச்ல போட்டோம். அவர் மனைவி படிச்சுக்கிட்டு இருக்காங்க. வேலை போச்சுன்னா படிப்பும் போயிடும். காலையில நாங்க உங்களுக்குச் சொன்ன முதல் முன்னுரிமை தப்பு சார்."

டைரக்டர் சடாரென்று நிமிர்ந்தார். தப்பு என்ற சொல் அந்த அறையில் அதுவரை கேட்டதில்லை. அவர் வாயைத் திறந்தார். திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டார். கிளையண்ட் முன்னால் ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுத்துப் பேசுவது அந்தக் கம்பெனியில் மகா பாவம். சேர்ந்த முதல் நாளே அதைத்தான் சொல்லிக் கொடுப்பார்கள், சொல்லிக் கொடுப்பதே அவர்தான். எவ்வளவு பெரிய அபத்தமாக இருந்தாலும் கிளையண்ட் வெளியே போகிறவரை எல்லோரும் தலையாட்ட வேண்டும். டைரக்டர் தலையாட்டினார்.

அக்கா அவர் பக்கம் திரும்பவே இல்லை. "விளக்கு அணைக்கலாம், ஏசியக் குறைக்கலாம், பண்ணணும்தான். ஆனா நம்மளால... உங்களால உலகத்துக்கு ஆகற பெரிய நல்லதும் கெட்டதும் நீங்க குடுக்கற ஆலோசனைதான் சார். அது உண்மையா இருக்கணும், குடுத்தப்புறம் நடந்துச்சான்னு போய்ப் பாக்கணும். அதுதான் முதல் முன்னுரிமை. இதுவரைக்கும் யாரும் போய்ப் பாத்ததில்ல."

"யாரு போய்ப் பாப்பாங்க?"

"அந்தப் பெஞ்ச்ல இருக்கற நபர அனுப்பலாம். அவருக்குத்தான் உண்மையச் சொல்றதுல கூச்சம் இல்ல. அவர வேலைய விட்டு அனுப்பக் கூடாது. இது எங்க பரிந்துரை."

"டைரக்டர் சாரும் இதத்தான் சொல்றாரா?"

டைரக்டர் கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணாடி லேப்டாப் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நிச்சயமா சார்" என்றார் டைரக்டர். "டீம் ஒருமனதா எடுத்த முடிவு."

"அத அப்படியே எழுதிடுங்க மேடம்."

கண்ணாடி தட்டி, அச்செடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். பரிந்துரையின் கீழே டைரக்டர் ஒரு கையெழுத்து, கிளையண்ட் ஒரு கையெழுத்து. டைரக்டர் போட்டார். கோட்டு எழுத்து எழுத்தாக இரண்டு தரம் படித்துவிட்டு, அவர் மனம் மாறுவதற்குள் போட்டான். கைகுலுக்கினார்கள். "உங்களோட வேலை பார்த்ததுல ரொம்ப மகிழ்ச்சி சார்" என்றார் டைரக்டர், பல்லைக் கடித்துக்கொண்டு. அப்போதுதான் அவர் கோட்டின் முகத்தை உற்றுப் பார்த்தார். பார்த்தபடியே இருந்தார். கையைத் திரும்ப எடுத்துக்கொள்ள மறந்துவிட்டார்.

ஸ்லைடு அக்கா நடுவில் புகுந்து, "சார், உங்களுக்கு லேட்டாகுது, கிளம்புங்க" என்று அவனை லிஃப்டுக்குள் தள்ளிவிட்டாள். கதவு மூடுவதற்குள், உதட்டை அசைக்காமல், "நாளைக்குக் காலைல நீ தோல் ஆலைக்குப் போறேடா. சீக்கிரம் வந்து தொலை" என்றாள்.

தெருவுக்கு வந்ததும் கோட்டு மனைவிக்குப் போன் போட்டான். முதல் மணியிலேயே எடுத்தாள். இந்த வாரம் முழுக்க அவள் போனைப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டுதான் படித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன ஆச்சு?"

"வச்சுக்கிட்டாங்க."

"நெஜமாவா? யாரு முடிவு பண்ணது?"

"கிளையண்ட்."

"கிளையண்ட் நீதானே?"

"நான்தான். ஆனா நானாப் பண்ணல. கன்சல்டண்ட் சொன்னாங்க, கேட்டுக்கிட்டேன்."

பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. பிறகு அவள், "அப்போ அடுத்த வருஷத்துக்குப் பேரு குடுத்துடவா?" என்று கேட்டாள்.

"குடு."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. அப்புறம் மாத்திட்டாங்கன்னு வந்து நிக்காதே."

"மாத்த முடியாது. கையெழுத்துப் போட்டுட்டேன்."

"லூசு" என்றாள் அவள். அதற்கப்புறம் வாய் ஓயாமல் திட்ட ஆரம்பித்தாள், இத்தனை நாள் சேர்த்து வைத்ததையெல்லாம். கோட்டு நடைபாதை ஓரமாக ஒதுங்கி நின்று, ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தான்.